மடக்குக் கத்தி: பையில் வைப்பதும் சேர்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறோம்?

நகத்தை அலகின் குழியில் மாட்டி இழுத்துத் திறக்கும் பழைய பாணிக் கத்தி. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து வருவதோ, கட்டைவிரலால் ஒரே தட்டில் திறப்பதோ இங்கே கணக்கில் இல்லை. திறந்த அலகை முதுகுப்பக்கத்து ஸ்பிரிங் அழுத்திப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். பூட்டு கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களில் வளர்ந்து, அமெரிக்காவில் நூறு வடிவங்களாகப் பெருகிய வகை இது. ஸ்பிரிங்கே இல்லாத ஜப்பானிய ஹிகோனோகாமியையும், மரப்பிடியும் பூட்டு வளையமும் உள்ள பிரெஞ்சு ஓப்பினெலையும் சேகரிப்பாளர்கள் இதே குடும்பத்தில்தான் சேர்ப்பார்கள்.

நமக்கு இது புதிதல்ல. இறகுப் பேனாவின் முனை சீவப் பயன்பட்டதால் வந்த பெயர்தான் பேனாக்கத்தி. ஈழத்தில் வில்லுக்கத்தி என்பார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைப் பெயரிலேயே சொல்லிவிடும் நல்ல சொல். அதற்கும் முன்னால், ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் ஓலை நறுக்கும் கத்தியுமாக மடங்கிய மடக்கெழுத்தாணியை ஓலையில் எழுதியவர்கள் வைத்திருந்தார்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மூடிய கத்தியை முதுகு மேலே தெரியும்படி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஓடும் எஃகுப் பட்டைதான் ஸ்பிரிங். அதன் இருபுறமும் மெல்லிய பித்தளைத் தகடு. தகட்டுக்கு வெளியே எலும்பு, மரம், கொம்பு அல்லது பிளாஸ்டிக் பிடி. இரண்டு முனைகளிலும் உலோகப் பூண். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பவை மூன்று நான்கு ஆணிகள். திருகு எதுவும் இல்லை, ஆகவே கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது.

அலகின் அடிக்கட்டை, அதாவது பிடிக்குள் சுழலும் பகுதி, சதுரமாக இருந்தால், பாதி திறக்கும்போது 90 டிகிரியில் ஒரு முறை 'டக்' என்று நிற்கும். உருண்டையாக இருந்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். விரலைக் காப்பாற்றுவது முதல் வகை. மூடும்போது பாதியில் நின்றால் விரலை விலக்க ஒரு கணம் கிடைக்கிறது.

நல்ல வேலைப்பாட்டைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். திறந்த நிலை, பாதி, மூடிய நிலை மூன்றிலும் ஸ்பிரிங் முதுகோடு சமமாகப் படிந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரியக்கூடாது. அலகை இடவலமாக ஆட்டினால் அசையக்கூடாது.

முதல் கத்தியாக எதை வாங்கலாம்?

பலரும் செய்யும் தவறு பெரியதாக வாங்குவது. மூடிய நிலையில் 10 செ.மீ.க்கு மேல் போனால் சட்டைப்பைக்குக் கனம். இரண்டே வாரத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். 7 முதல் 9 செ.மீ. வரை உள்ளதுதான் உண்மையில் தினமும் கூட வரும்.

எங்கள் முதல் பரிந்துரை சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் கேடட். மூடினால் 84 மி.மீ., அலுமினியப் பிடி, மெல்லிய உடல். ஒரு அலகு, நகம் தேய்க்கும் அரம், டின் திறப்பான், பாட்டில் திறப்பான். சிவப்பு பிளாஸ்டிக் பிடியைவிடத் தட்டையாக இருப்பதால் பையில் இருப்பதே தெரியாது. இந்தக் குடும்பத்தின் மூதாதையான சுவிஸ் ராணுவ அதிகாரிகளின் கத்திக்கு 1897-ல் நிறுவனர் கார்ல் எல்செனர் பதிவு வாங்கினார். ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும்படி செய்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

சமையலறைக்கும் பழத்துக்கும் என்றால் ஓப்பினெல். 1890-ல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் செய்த வடிவம் இன்றும் ஏறக்குறைய அப்படியே வருகிறது. 6-ம் எண்ணில் அலகு 7 செ.மீ., 8-ம் எண்ணில் 8.5 செ.மீ. மெல்லிய அலகு என்பதால் மாங்காயையும் வெங்காயத்தையும் பிளக்காமல் சீராக நறுக்கலாம். எலும்புப் பிடி போட்ட அமெரிக்கக் கத்தி வேண்டும் என்றால் கேஸ் நிறுவனத்தின் 'பீனட்': மூடினால் சுமார் 7.3 செ.மீ., இரண்டு அலகு.

பையில் வைத்துக்கொண்டு நடந்தால் போலீஸ் பிடிக்குமா?

இந்தியாவின் ஆயுத விதிகள் 2016, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவற்றை அதிலிருந்து விலக்குகிறது. மூன்று அங்குலப் பேனாக்கத்தி அந்த அளவுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் கத்தியின் அளவைவிட அதை எங்கே, எதற்கு எடுத்தீர்கள் என்பதுதான் உங்களைச் சிக்கலில் மாட்டும். நீதிமன்றம், மெட்ரோ ரயில், அரசியல் கூட்டம், கோயில் திருவிழாச் சோதனை: இங்கெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வாக்குவாதம் நடக்கும் இடத்தில் பழம் நறுக்கக்கூட வெளியே எடுக்காதீர்கள்.

விமானத்தில் கைப்பையில் கூடாது. சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தியை மறந்து பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுப்பவர்கள்தான் மிக அதிகம்.

லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1988-ம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் கேட்காமல் அனுமதிக்கிறது. பூட்டு உள்ள கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்பது நீதிமன்றத் தீர்ப்பு. வளையப் பூட்டு உள்ள ஓப்பினெலைத் தெருவில் கொண்டுபோக அங்கே தக்க காரணம் வேண்டும். பூட்டில்லாத கேடட்டுக்கு வேண்டாம்.

எந்தப் பையில், எப்படி வைப்பது?

சாவியும் சில்லறையும் இருக்கும் பையில் போட்டால் ஒரே மாதத்தில் பிடி முழுக்கக் கீறல். தனிப் பை, அல்லது தோலால் தைத்த ஒரு சிறு உறை. வேட்டி, லுங்கி கட்டுபவர்கள் மடியில் செருகும்போது அலகு முழுக்க மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து எழும்போது ஸ்பிரிங் தளர்ந்த பழைய கத்தி கொஞ்சம் திறந்துகொள்ளும்.

எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது?

பார்சல் டேப், சாக்கு மூட்டைத் தையல், சணல், கொய்யா, பென்சில், தொட்டிச் செடியின் காய்ந்த கிளை: இதெல்லாம் இதன் வேலை. நெம்புவது, திருகு முடுக்குவது, பெயிண்ட் டப்பா மூடியைக் கிளப்புவது கூடாது. அலகு மெல்லியது, முனை ஒடிந்தால் மறுபடி தேய்த்துத்தான் முனை எடுக்க வேண்டும், அலகு அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும்.

மிக முக்கியமானது: முனையால் குத்தி அழுத்தாதீர்கள். பூட்டு இல்லாததால் அழுத்தம் முதுகுப் பக்கமாகத் திரும்பினால் அலகு விரல்மேல் மடங்கும். தடித்த அட்டைப்பெட்டியில் முனையைக் குத்திக் கீழே இழுக்கும்போதுதான் பெரும்பாலான காயங்கள் நடக்கின்றன. ஓரத்திலிருந்து சாய்வாக வெட்டுங்கள்.

ஓப்பினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது. உடைந்துவிட்டதா?

இல்லை, பிடி ஈரம் குடித்திருக்கிறது. பீச் மரம் மழைக்காலக் காற்றிலேயே உப்பி அலகை இறுக்கிவிடும். பூட்டு வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் தட்டுங்கள். முனை கொஞ்சம் எழும்பி வரும், நகத்தால் இழுத்துக்கொள்ளலாம். சவோய் நாட்டுக்காரர்கள் பழகிய முறை இது.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் இரண்டு நாள் உலரவிட்டு, அலகு உட்காரும் பள்ளத்தின் இரு சுவர்களையும் 220 எண் உப்புத்தாளை ஒரு மெல்லிய அட்டையில் சுற்றித் தேயுங்கள், பக்கத்துக்குப் பத்து இழுப்பு. பிறகு ஆளி விதை எண்ணெயை இரண்டு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் காயவிடுங்கள். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளி எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸா?

கடற்கரை ஊரில் இருந்து, கத்தியைத் துடைக்க மறப்பவர் என்றால் ஸ்டெயின்லெஸ். மற்றவர்களுக்குக் கார்பன் எஃகு. சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், வயது ஏற ஏற நிறமும் மாறும்.

அந்த நிற மாற்றத்தைத் துரு என்று பயந்து பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. வீட்டு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கும்போது இரும்பு கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி ஆகிறது. மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் எல்லாம் அலகில் சாம்பலும் நீலமுமான படலத்தை உண்டாக்கும். கையில் ஒட்டாத இந்தக் கறுப்பு, துருவைத் தள்ளிப்போடும் கவசம். விரலில் ஒட்டும் செம்மண் நிறம்தான் துரு. அதை உடனே எடுக்க வேண்டும்.

படலத்தை நீங்களே ஏற்றலாம். பாத்திரம் கழுவும் சோப்பால் அலகைக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். வெதுவெதுப்பான வினிகரில் அலகை மட்டும் 10 முதல் 15 நிமிடம் நிறுத்துங்கள். பூணும் பிடியும் நனையக் கூடாது. எடுத்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, துடைத்து எண்ணெய் பூசுங்கள். முதல் வாரம் நறுக்கும் ஆப்பிளில் இரும்பு வாடை வரும், பிறகு போய்விடும்.

என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் போதாதா?

போதாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். உறையாத ஊரிலும் சில மாதத்தில் சிக்குப் பிடித்து, பைத் தூசியை இழுத்து, அச்சாணியில் பசையாகிவிடும். நல்லெண்ணெய் அதைவிட மோசம். அச்சாணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. உணவு வெட்டும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

திறந்து மூடும்போது நறநறக்கிறது

உள்ளே மணலும் பஞ்சும். சோப்பு கலந்த வெந்நீரில் முழுக்கிப் பிடித்து, நீருக்குள்ளேயே இருபது முறை திறந்து மூடுங்கள். கறுப்புக் கரைசல் வெளியே வரும். அது எஃகும் எஃகும் தேய்ந்த பொடி. நீர் தெளியும்வரை மாற்றி மாற்றிச் செய்து, பல்குச்சியால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, ஹேர் டிரையரில் உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். எலும்புப் பிடியை நெடுநேரம் ஊறவைக்காதீர்கள், வெடிக்கும். முத்துச்சிப்பிப் பிடிக்கும் பழைய செல்லுலாய்டு பிடிக்கும் இந்தக் குளியலே வேண்டாம். எண்ணெய் விட்டு ஊதித் துடையுங்கள்.

எப்படிக் கூர் தீட்டுவது?

முதலில், தெருவில் வரும் சாணைச் சக்கரத்திடம் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கு அது சரி. இந்த மெல்லிய அலகைச் சுழலும் கல்லில் வைத்தால் விளிம்பு நொடியில் சூடேறும். அலகைப் பதப்படுத்தும்போது கடைசியாகச் சூடாக்கியது சுமார் 200 டிகிரிக்குத்தான். அதைத் தாண்டிச் சூடானால் எஃகின் கடினம் இறங்கும். விளிம்பில் நீலம் பூத்தால் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடம் இனிக் கூரைத் தாங்காது.

தேவையானவை: 400 எண், 1000 எண் கற்கள், ஒரு பழைய தோல் பெல்ட், ஒரு மார்க்கர் பேனா. ஹார்டுவேர் கடையின் கரடான இரட்டைப் பக்கச் சாணைக்கல் பல் போன விளிம்பை நேராக்க மட்டும்.

கோணம்தான் எல்லோருக்கும் குழப்பம். டிகிரியை மறந்துவிட்டு முதுகின் உயரத்தைப் பாருங்கள். அலகின் அகலம் 13 மி.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து மூன்றரை மி.மீ. தூக்கினால் 15 டிகிரி, நாலரை தூக்கினால் 20 டிகிரி. மூன்றரை என்பது ஒரு பென்சிலின் பாதித் தடிமன். பழத்துக்கு 15, கயிறும் அட்டையும் வெட்ட 20.

விளிம்பின் இரு பக்கமும் மார்க்கரால் கறுப்பு பூசுங்கள். கல்லில் இரண்டு முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். விளிம்பின் நுனி வரை கறுப்பு அழிந்திருந்தால் கோணம் சரி. நுனியில் மிச்சமிருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். நுனியில் மட்டும் அழிந்திருந்தால் தாழ்த்த வேண்டும்.

ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள், மறுபக்கத்தில் பிசிறு எழும் வரை. பிசிறைக் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கி மெல்ல வழித்தால் உணரலாம். விளிம்பு நெடுக ஒரு மெல்லிய கம்பி ஓடுவது போல இருக்கும். அடியிலிருந்து முனை வரை இடைவெளியில்லாமல் வர வேண்டும். முனைப் பக்கம் வளையும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அந்த வளைவு மட்டும் மொக்கையாகவே இருக்கும். பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: பிசிறு வருவதற்கு முன்பே பொறுமை போய்விடுகிறது.

இரண்டு பக்கமும் முடிந்ததும் 1000 கல்லில் அழுத்தம் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி எட்டு முறை. கடைசியில் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக விளிம்பு பின்னே வர, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. தக்காளித் தோலில் வைத்து அழுத்தாமல் இழுத்தால் இறங்க வேண்டும். முழங்கை முடியைச் சிரைத்துக் காட்டுவது வேடிக்கைக்குச் சரி. தக்காளிதான் உண்மை சொல்லும்.

விளிம்பின் நடுவில் ஒரே இடம் மட்டும் மொக்கையாகிக்கொண்டே இருக்கிறது

மூடும்போது விளிம்பு உள்ளே ஸ்பிரிங்கில் மோதுகிறது. 'டப்' என்று மூடும் சத்தம் கேட்க இனிமைதான், கத்திக்கு ஆகாது. விரலால் தாங்கி மூடுங்கள். சரியாகவில்லை என்றால் பள்ளத்தின் அடியில் ஒரு மெல்லிய தோல் துண்டை வையுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறு, பலமுறை தீட்டிய பிறகு மூடிய நிலையில் முனை வெளியே துருத்துவது. அலகின் அடியில் ஸ்பிரிங்மேல் உட்காரும் ஒரு சிறு மேடு இருக்கிறது. அதை அரத்தால் இம்மி இம்மியாகக் குறைத்தால் முனை உள்ளே இறங்கும். இரண்டு இழுப்பு, மூடிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. கூடுதலாக அராவினால் விளிம்பு ஸ்பிரிங்கில் மோத ஆரம்பிக்கும். அராவியதைத் திருப்பி ஒட்ட முடியாது.

அலகு ஆடுகிறது

பூணை ஒரு கனமான இரும்புக் கட்டைமேல் வைத்து, அச்சாணித் தலையில் சிறு உருண்டைத்தலைச் சுத்தியலால் ஐந்தாறு மென்தட்டு. தட்டத் தட்டத் திறந்து பாருங்கள். பூணும் ஆணியும் ஒன்றாக மெருகேற்றப்பட்ட கத்தியில் இது தழும்பை விடும். விலையுள்ள பழைய கத்தி என்றால் ஆட்டத்தோடு விட்டுவிடுவதே நல்லது.

அமெரிக்கக் கத்திகளின் பெயர்கள் தலை சுற்றுகின்றனவே?

அலகுகளைத் தெரிந்துகொண்டால் பெயர்கள் தானே புரியும். 'ஸ்டாக்மேன்' மாட்டுப் பண்ணைக்காரர்களின் கத்தி, மூன்று அலகு: பொது வேலைக்கு முனை கூர்ந்த ஒன்று, விலங்கைத் தவறிக் குத்திவிடாதபடி நேர் விளிம்பும் மொண்ணை முனையுமாக ஒன்று, காயடிக்க வளைந்த மூன்றாவது. அந்தக் காயடிக்கும் அலகு இன்று பெரும்பாலும் ரொட்டியில் வெண்ணெய் தடவப் பயன்படுகிறது. 'டிராப்பர்' இரண்டு நீள அலகு, தோல் உரிக்க. 'பார்லோ' என்றால் பிடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூடும் நீளப் பூண். ஷெஃபீல்டில் பிறந்து அமெரிக்கப் பள்ளிப் பையன்களின் பைக்குப் போனது.

பழைய கேஸ் கத்தியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அலகின் அடிக்கட்டையில் குத்திய முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெயருக்குக் கீழே யு.எஸ்.ஏ. என்று இருந்து, புள்ளிகள் இல்லை என்றால் 1965 முதல் 1969 வரை. 1970-ல் பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஆறு புள்ளி என்றால் 1974, ஒரு புள்ளி என்றால் 1979. 1980-ல் எஸ் எழுத்தை மின்னல் போல வளைத்து, மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள்.

மறுபக்கத்து எண்ணும் பேசும். 6254 என்றால்: 6 எலும்பு, அல்லது எலும்பு போலச் செதுக்கிய செயற்கைப் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 டிராப்பர் வடிவம். மான்கொம்புப் பிடிக்கு முதல் எண் 5. எண்ணும் பிடியும் பொருந்தாவிட்டால் யாரோ பிடியை மாற்றியிருக்கக்கூடும்.

ஷெஃபீல்டு கத்திகளுக்கு ஒரு எளிய கணக்கு: இங்கிலாந்து என்று நாட்டுப் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அப்போதுதான் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. லாகியோல் என்ற பெயருக்கு இந்த மாதிரி நம்பகம் கிடையாது. அது பிரான்சில் உள்ள ஓர் ஊரின், அங்கே பிறந்த கத்தி வடிவத்தின் பெயர். உலகெங்கும் பலரும் பொறித்து விற்கிறார்கள். தேனீ உருவம் இருப்பது எதையும் நிரூபிக்காது.

பழையதை வாங்கினால் மெருகேற்றலாமா?

வேண்டாம். மெஷினில் பளபளப்பாக்கிய பழைய கத்தியின் முத்திரை மழுங்கும், விளிம்புகள் உருண்டுவிடும், மதிப்பு போய்விடும். செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் எடுங்கள். வாங்கும்போது அலகின் அகலத்தைப் பாருங்கள்: நகக்குழி விளிம்புக்கு அருகே வந்துவிட்டது என்றால் அலகில் பாதி ஏற்கெனவே கல்லில் கரைந்துவிட்டது.

மான்கொம்பு, தந்தப் பிடி வைத்தவை?

ஷெஃபீல்டும் சோலிங்கனும் நெடுங்காலம் கொம்புப் பிடிக்கு இந்தியக் கடமானின் உதிர்ந்த கொம்பைத்தான் நம்பியிருந்தன. 1998-ல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியதும் உலகெங்கும் அதன் விலை ஏறியது. இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் மான்கொம்பும் தந்தமும் சிக்கலான பொருட்கள். வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் அழகாகத் தெரிகிறது என்று தருவிக்காதீர்கள். செதுக்கிய மாட்டெலும்பும் கருங்காலியும் போதுமான அழகு.

பல கத்திகளைச் சேர்த்து வைக்கும்போது?

தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் ஈரமும் எஃகில் புள்ளித் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும். பருத்தித் துணியில் பை பையாகத் தைத்துச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் மாதம் ஒரு முறை, எல்லாவற்றையும் திறந்து துடைத்து எண்ணெய் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தனியே பிரித்தாக வேண்டும். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த பல கத்திகளுக்கு ஆமை ஓடு, முத்துச்சிப்பி போன்ற பளபளப்பில் செல்லுலாய்டு பிடி போட்டார்கள். பிடியைக் கட்டைவிரலால் பலமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள்; கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு, ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். வயதானால் அது உதிர்ந்து, நைட்ரிக் அமில ஆவியை விடும். மூடிய டப்பாவில் பக்கத்தில் இருக்கும் கத்திகளெல்லாம் சில மாதத்தில் துருவேறும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், வெயிலும் விளக்கும் அடுப்பும் படாத இடத்தில் அதற்கு மட்டும் தனி இடம் கொடுங்கள்.